திரும்பி வரும் சுமை



வேட்டைக்காரர்களைப் பற்றி மலையேற்ற நண்பர்களின் இந்த மேடையில் பேசலாமா என்று அழைப்பிதழ் வந்த அன்றே ஒரு நண்பர் தொலைபேசியில் கேட்டார். அவருக்குச் சொன்ன பதிலை உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன். நம் நாட்டில் 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு படிப்படியாகப் பொழுதுபோக்கு வேட்டை முடிந்துபோனது. அது திரும்ப வரவேண்டும் என்று வாதாட நான் வரவில்லை. நான் பேசப்போவது அமெரிக்காவின் ராக்கி மலைகளைப் பற்றி. கொலராடோ, மொன்டானா, ஐடஹோ மாநிலங்களில் இலையுதிர் காலம் வந்தால் உரிமச்சீட்டு வாங்கிய மக்கள் எல்க் என்னும் பெரிய மானைத் தேடி மலைக்குள் போகிறார்கள். அவர்களில் ஒரு பகுதியினர் குதிரை இல்லாமல், வண்டி இல்லாமல், எல்லாவற்றையும் முதுகில் தூக்கிக்கொண்டு நடந்தே போகிறார்கள். சுமை தூக்கும் கலையில் அவர்களிடம் நாம் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது.

வேலை நிமித்தம் சில ஆண்டுகள் கொலராடோவில் இருந்தேன். பக்கத்து வீட்டுக்காரர் வேட்டைக்காரர். நான் துப்பாக்கியைத் தொட்டதில்லை. அவர் அடித்ததைச் சுமந்திருக்கிறேன். சுடுகிறவர் கண்ணுக்கு மலை ஒரு மாதிரி தெரியும், சுமக்கிறவன் முதுகுக்கு வேறு மாதிரி தெரியும். இன்றைக்குப் பேசுவது முதுகு.

முதலில் இடத்தைச் சொல்ல வேண்டும். 1964இல் அமெரிக்கா இயற்கைவனச் சட்டம் ஒன்றைக் கொண்டுவந்தது. அதன்கீழ் வரும் காடுகளில் மோட்டார் கூடாது. மோட்டார் என்ன, சக்கரமே கூடாது. ஒரு தள்ளுவண்டியைக்கூட உள்ளே உருட்டிக்கொண்டு போக முடியாது. ஐடஹோவில் உள்ள ஃபிராங்க் சர்ச் வனம் இப்படிப்பட்டது. சுமார் 9,500 சதுர கிலோமீட்டர், நம் நீலகிரி மாவட்டத்தைப் போல் மூன்றரை மடங்குக்கு மேல். சாலை ஓரத்தில் வண்டிகளின் சத்தத்துக்குப் பழகிய எல்க், வேட்டைக்காலம் தொடங்கியதும் உள்ளே போய்விடும். அதன் பின்னால் மனிதன் போக வேண்டும். குதிரை வைத்திருக்கும் வழிகாட்டிகள் உண்டு, ஆனால் செலவு அதிகம். அண்மைக்காலமாகச் சிலர் தென்னமெரிக்க லாமாவை வாடகைக்கு எடுத்துப் போகிறார்கள். அது முப்பது கிலோ வரை தூக்கும், வம்பு செய்யாது, பிடிக்காவிட்டால் முகத்தில் துப்பும். மற்றவர்களுக்குத் தங்கள் கால்தான்.

இப்போது ஒரு கணக்கு. நன்கு வளர்ந்த ஓர் ஆண் எல்க் முந்நூறு கிலோவைத் தாண்டும். எலும்பை நீக்கினால் எண்பதிலிருந்து நூறு கிலோ வரை கறி தேறும். ஒரு தடவைக்கு இருபத்தைந்து கிலோ என்று வைத்தாலும் நான்கு நடை. விழுந்த இடத்திலிருந்து வண்டி நிற்கும் இடம் ஆறு கிலோமீட்டர் என்றால், சுமையோடு நான்கு முறை வெளியே, வெறும் பையோடு மூன்று முறை உள்ளே: மொத்தம் 42 கிலோமீட்டர். இரண்டு பேர் இருந்தால் ஆளுக்கு இரண்டு சுமை, 18 கிலோமீட்டர். தனியாகப் போகிறவருக்கும் துணையோடு போகிறவருக்கும் உள்ள வித்தியாசம் பாதி அல்ல, பாதிக்கும் கீழே என்பதைக் கவனியுங்கள். இதில் கூடாரத்தையும் சமையல் சாமான்களையும் இன்னும் சேர்க்கவில்லை.

நாம் மலையேறும்போது பை நாளுக்கு நாள் குறைகிறது. சாப்பாடு தீரத்தீரத் தோள் ஆறுகிறது; கடைசி நாள்தான் சுகமான நாள். வேட்டைக்காரருக்கு இது தலைகீழ். அவருடைய மிகக் கனமான நாள், களைத்துப்போன கடைசி நாள். போகும்போது எதைக் குறைக்கிறோம் என்ற கேள்விக்கு அவரிடம் விடை இப்படி வரும்: திரும்பும்போது எதைத் தூக்கப்போகிறோமோ, அதற்கு உதவாததைக் குறை, உதவுவதில் கை வைக்காதே. இந்த இரண்டாவது பாதியைச் சொல்லத்தான் நான் வந்தேன். சுமை குறைக்கும் மோகம் நம் இளைஞர்களிடமும் இப்போது பரவியிருக்கிறது; எங்கே நிறுத்த வேண்டும் என்பதை யாரும் சொல்வதில்லை.

அந்த மோகத்துக்கு ஒரு நல்ல வரலாறு இருக்கிறது. 1955இல் எம்மா கேட்வுட் என்ற 67 வயதுப் பாட்டி, தானே தைத்த ஒரு துணிப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, சாதாரணக் கான்வாஸ் ஷூவோடு, மழைக்குக் குளியலறைத் திரை ஒன்றை வைத்துக்கொண்டு, அப்பலாச்சியப் பாதை முழுவதையும் ஒரே பருவத்தில் நடந்து முடித்தார். மூவாயிரம் கிலோமீட்டருக்கு மேல். பிறகு 1990களில் ரே ஜார்டின் என்ற பாறையேற்றக்காரர், கனமான பையும் கனமான பூட்ஸும் தேவையே இல்லை என்று புத்தகம் எழுதி ஒரு தலைமுறையை மாற்றினார். வேட்டைக்காரர்கள் இந்தக் கட்சிக்குத் தாமதமாகத்தான் வந்தார்கள். அவர்களுடைய பழைய முகாம் என்றால் கான்வாஸ் கூடாரம், வார்ப்பிரும்புச் சட்டி, கோவேறு கழுதை. குதிரை இல்லாமல் உள்ளே போகத் தொடங்கிய பிறகுதான் நடைக்காரர்களின் பையை எட்டிப் பார்த்தார்கள். பல விஷயங்களை அப்படியே எடுத்துக்கொண்டார்கள். ஒரு விஷயத்தில் மட்டும் அடியோடு மறுத்தார்கள். அது முதுகுப்பை.

நெடுந்தூர நடைக்காரரின் பை அரைக் கிலோ இருந்தால் அவருக்குப் பெருமை. உள்ளே சட்டகம் கிடையாது. பத்துக் கிலோவுக்கு அது போதும். அதில் முப்பது கிலோ ஈரக் கறியை வைத்தால் என்ன ஆகும்? பை உங்கள் இடுப்புக்குக் கீழே தொங்கும், பட்டைகள் தோளை அறுக்கும், ஒரு கிலோமீட்டருக்குள் முழங்கால் பேசத் தொடங்கும். வேட்டைப்பை இரண்டு, இரண்டரைக் கிலோ இருக்கும். அந்த எடையின் பெரும்பகுதி சட்டகத்திலும் இடுப்புப் பட்டையிலும் இருக்கிறது. 1952இல் டிக் கெல்ட்டி கலிபோர்னியாவில் தன் வீட்டில் அலுமினியக் குழாய்ச் சட்டகம் செய்து விற்கத் தொடங்கியதிலிருந்து தத்துவம் மாறவில்லை: எடையைத் தோளிலிருந்து எடுத்து இடுப்பெலும்பின்மேல் உட்கார வை. சட்டகம் வளையக்கூடாது, அதன் மேல்முனை தோளுக்குச் சற்று உயரே நிற்க வேண்டும். அப்போதுதான் மேல்பட்டை சுமையைத் தோளிலிருந்து தூக்கிப் பிடிக்கும்.

இன்றைய வேட்டைப்பைகளில் ஒரு நல்ல ஏற்பாடு உண்டு. பையைச் சட்டகத்திலிருந்து கொஞ்சம் விலக்கலாம். நடுவில் ஒரு தட்டு உருவாகும். கறி மூட்டை அங்கே, முதுகெலும்பை ஒட்டி உட்காரும். கூடாரமும் துணிமணியும் வெளியே தள்ளிப்போகும். கனமானது உடம்பை ஒட்டி, தோள்பட்டைகளுக்கு நடுவில் இருக்க வேண்டும் என்பது நமக்கும் தெரிந்த விதிதான். ஆனால் எலும்பெடுத்த கறி அரிசி மூட்டை மாதிரி கீழே வழிந்து இறங்கும். அதனால் மூட்டையை முதலில் கட்டி இறுக்கி ஒரு கட்டையைப் போல் ஆக்கிவிட்டுத்தான் பட்டைகளைப் போடுவார்கள். தூரம் குறைவாக இருந்தால் சிலர் எலும்போடேயே பின்தொடையைத் தூக்குவார்கள். எடை கூடுதல், ஆனால் விறைப்பாக நிற்கும். எது நல்லது என்று அவர்கள் இரவு முழுக்கச் சண்டை போடுவார்கள். என் முதுகைக் கேட்டால், மூன்று கிலோமீட்டருக்குள் எலும்போடு; அதற்கு மேல் எலும்பு வேண்டாம்.

காலைப் பற்றிச் சுருக்கமாக. காலில் உள்ள எடை முதுகில் உள்ள எடையைவிடப் பல மடங்கு களைப்பைத் தரும் என்பது இராணுவ ஆய்வுகளிலேயே தெரிந்த விஷயம். ஆகவே ஷூவைக் குறைக்கச் சொல்வது நியாயம். ஆனால் பாதை இல்லாத சரிவில், விழுந்த மரங்களுக்கு நடுவே, நூறு கிலோ மனிதனாக மாறி இறங்கும்போது மெல்லிய ஷூ துரோகம் செய்யும். ஒரு நடுத்தர பூட்ஸ், இரண்டு கைத்தடி. தடி இல்லாமல் கறி சுமந்து இறங்குகிறவரை நான் பார்த்ததில்லை.

அந்தத் தடிதான் எடை குறைப்பின் முதல் நல்ல தந்திரமும்கூட. இரவில் அதுவே கூடாரத்தின் தூண். இவர்களிடையே செல்வாக்குப் பெற்ற கூடாரத்துக்குத் தரையே கிடையாது: கூம்பு வடிவத் துணி, நடுவில் ஒரு தடி, சுற்றிலும் முளைகள். தரை இல்லாததால் சேற்றுப் பூட்ஸோடு உள்ளே வரலாம், நனைந்த துணியை உதறலாம், இன்னும் முக்கியமாக, உள்ளே ஒரு விறகடுப்பு வைக்கலாம். டைட்டானியத் தகட்டால் ஆன மடக்கு அடுப்பு. சுருட்டி எடுத்துப்போகும் புகைக்குழாய். எல்லாம் சேர்ந்து ஒரு கிலோவுக்குச் சற்று முன்பின். அக்டோபர் மாதப் பனியில் நனைந்த சாக்ஸை இரவில் காயவைக்க முடிவது எவ்வளவு பெரிய செல்வம் என்பது நனைந்தவருக்குத்தான் தெரியும். தகடு மெல்லியது, அரைமணியில் விறகு தீர்ந்துவிடும், பிறகு குளிர் பழையபடி வரும். ஆகவே அடுப்பை நம்பிப் படுக்கையைக் குறைக்கக் கூடாது.

துணியிலும் ஒரு நுணுக்கம். சிலிக்கான் பூசிய நைலான் மழையில் ஈரம் குடித்துத் தளரும். மாலையில் இறுக்கிக் கட்டிய கூடாரம் நள்ளிரவில் தொய்ந்து முகத்தில் படும். பாலியெஸ்டர் அவ்வளவு தளராது. டைனீமா என்னும் இழைத்துணி எல்லாவற்றையும்விட இலேசு. பந்தயப் பாய்மரப் படகுகளின் பாய்க்காகப் பிறந்தது. விலையும் பந்தயப் படகுக்காரர்களுக்கு ஏற்றதுதான்.

படுக்கைக்கு ஸ்லீப்பிங் பேக் வேண்டாம், முதுகுப்பக்கம் இல்லாத ரஜாய் போதும் என்பார்கள். உடம்புக்குக் கீழே நசுங்கும் இறகு வெப்பம் தராது, அதைச் சுமப்பானேன் என்பது நியாயம். அப்படியானால் கீழே விரிக்கும் மெத்தை நன்றாக இருக்க வேண்டும். அங்கேதான் குளிர் ஏறும். இறகு நனைந்தால் பயனில்லை என்பதால் காட்டில் உட்கார்ந்து தொலைநோக்கியில் பார்க்கும்போது போடும் மேல்சட்டை மட்டும் செயற்கைப் பஞ்சாக இருக்கட்டும் என்பது என் பக்கத்து வீட்டுக்காரரின் கட்சி. எனக்கும் அதுவே சரி என்று படுகிறது. படுக்கும் முன் பாட்டிலில் வெந்நீர் ஊற்றி மூடித் தொடைகளுக்கு நடுவே வைத்துக்கொள்வது செலவில்லாத தந்திரம். அதற்கு மட்டும் கெட்டியான பாட்டில் வேண்டும். கடையில் தண்ணீரோடு விற்கும் மெல்லிய பிளாஸ்டிக் பாட்டில் நாற்பது கிராம்தான், பகலுக்கு அதுவே உத்தமம். ஆனால் வெந்நீர் பட்டால் சுருங்கிவிடும்.

குளிர் என்றதும் இரண்டு எச்சரிக்கை. சிறிய வாயு அடுப்புக்கான உருளைகளில் ஐசோபியூட்டேன் இருக்கும். அது மைனஸ் 12 டிகிரிக்கு அருகிலேயே ஆவியாவதை நிறுத்திவிடும். சாதாரண பியூட்டேன் பூஜ்ஜியத்திலேயே படுத்துவிடும். ஆகவே உருளையை இரவில் படுக்கைக்குள் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது, தண்ணீர் வடிகட்டி. ஸாயர் போன்ற இலேசான வடிகட்டிகளுக்குள் நுண்ணிய குழல்கள் இருக்கின்றன. ஒருமுறை உள்ளே ஈரம் உறைந்தால் அவை வெடித்துவிடும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது, தண்ணீர் வழக்கம்போல் வரும், கிருமியும் வரும். அதையும் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு தூங்க வேண்டும். ஆக, படுக்கையில் நமக்கு இடம் மிச்சமிருந்தால் நாமும் படுக்கலாம்.

சாப்பாட்டில் ஒரே அளவுகோல்: கிராமுக்கு எத்தனை கலோரி. கொழுப்பு கிராமுக்கு ஒன்பது, மாவும் சர்க்கரையும் நான்கு. ஒரு நாளைக்கு முக்கால் கிலோவில் மூவாயிரத்துக்கு மேல் தேற்ற வேண்டுமானால் கடலை, பாதாம், வெண்ணெய், சாக்லேட் என்றுதான் போக வேண்டும். இரவுக்கு உறையவைத்து உலர்த்திய சாப்பாடு. பொட்டலத்துக்குள்ளேயே வெந்நீர் ஊற்றித் தின்று முடிக்கலாம், பாத்திரம் கழுவும் வேலை இல்லை. மூவாயிரம் மீட்டர் உயரத்தில் தண்ணீர் 90 டிகிரியிலேயே கொதித்துவிடும், ஆகையால் பொட்டலத்தில் போட்டிருப்பதைவிடக் கூடுதல் நேரம் காத்திருக்க வேண்டும். நான் அங்கே எள்ளுருண்டையும் கடலை உருண்டையும் பொரிவிளங்காயும் கொண்டுபோவேன். குளிரில் கல்லாகும் தின்பண்டங்களுக்கு நடுவே, பொரிவிளங்காய் வீட்டிலேயே கல் என்பதால் அதற்கு ஒரு குறையும் வரவில்லை.

துப்பாக்கிக்கு வருவோம். நான் சுடுகிறவன் அல்லன், ஆனாலும் இதில் உள்ள கணக்கு யாருக்கும் விளங்கும். இலேசான ரைஃபிளை மலைக்காரர்கள் நெடுங்காலமாகத் தேடுகிறார்கள். வின்செஸ்டர் கம்பெனி 1952இல் தன் மாடல் 70 ரைஃபிளின் இலேசான வடிவத்தை வெளியிட்டது. ஜாக் ஓ'கானர் என்ற புகழ்பெற்ற எழுத்தாளரின் கையில் அது இருந்ததால் ஒரு தலைமுறைக்கே அது இலட்சியமானது. 1980களில் மேற்கு வர்ஜீனியாவின் மெல்வின் ஃபோர்ப்ஸ், கெவ்லார் இழைக் கட்டையோடு இரண்டேகால் கிலோ அளவில் செய்து காட்டினார். இப்போது கார்பன் இழை சுற்றிய குழல்கள்வரை வந்துவிட்டன. ஆனால் தோட்டாவின் உந்தம் மாறாது. நான்கு கிலோத் துப்பாக்கியை மூன்று கிலோ ஆக்கினால் தோளை இடிக்கும் ஆற்றல் மூன்றில் ஒரு பங்கு கூடும். இலேசான குழல் மூச்சுக்கே ஆடும். ஆட்டத்தில் குறி தவறினால் காயம்பட்ட விலங்கு காட்டுக்குள் போய்ச் சாகும். நாம் ஒரு கிலோ மிச்சம் பிடித்ததற்கு அந்த விலங்கு கொடுக்கும் விலை அது. இங்கே நிறுத்திக்கொள்ளச் சொல்வேன். தோட்டாவைக் குறைக்கலாம்: பெட்டியில் உள்ள இருபதையும் தூக்காமல் எட்டோ பத்தோ போதும்.

பைனாகுலரிலும் கை வைக்காதீர்கள். இந்த வேட்டையில் நடப்பதைவிட உட்கார்ந்து பார்ப்பது அதிகம். நல்ல கண்ணாடியும் சிறிய முக்காலியும் இருந்தால் எதிர்ச்சரிவு முழுவதையும் அசையாமல் அலசலாம்; ஒரு மணி நேரம் அப்படிப் பார்த்தால் அரைநாள் வீண் நடை மிச்சம். உட்காரக் கையகல ஃபோம் பாய்த் துண்டு ஒன்று. நான் கண்டவற்றில் எடைக்கு மிகுந்த பலன் தரும் பொருள் அந்தத் துண்டுதான்.

விலங்கு விழுந்த பிறகு நேரத்தோடு போட்டி. கறிக்கு எதிரி வெப்பம். தோலும் மயிரும் போர்வையாக மூடிக்கொண்டிருக்கும். தொடையெலும்பை ஒட்டிய ஆழமான சதை கடைசியாகத்தான் ஆறும், அங்கேதான் முதலில் கெடும். அதனால் வயிற்றைத் திறக்காமலே கறியைப் பிரிக்கும் முறை ஒன்றைக் கையாள்கிறார்கள். ஒரு பக்கமாகக் கிடத்தி, முதுகுத்தண்டு வழியே தோலைக் கீறி உரித்து, முன்சப்பை, பின்தொடை, முதுகுக்கறி, கழுத்துக்கறி என்று எடுத்துவிட்டு, மறுபக்கம் புரட்டி அதையே செய்வது. குடல் கடைசிவரை உள்ளேயே இருக்கும். இதற்குக் கோடரியும் வேண்டாம், ரம்பமும் வேண்டாம். மூட்டில் கத்தியை விடத் தெரிந்தால் போதும். எழுபது கிராம் கத்தி, அறுவைச் சிகிச்சைக் கத்தியைப் போல் மாற்றிப்போடும் அலகுகள். மிகக் கூர்மை, பக்கவாட்டில் திருகினால் ஒடியும். ஒடிந்த துண்டு கறிக்குள் போய்விட்டால் தின்கிறவர் தொண்டைக்கு ஆபத்து. வேலை முடிந்ததும் அலகுகளை எண்ணிப் பார்ப்பவரையே நான் நம்புவேன்.

கறியைப் பிளாஸ்டிக்கில் கட்டக் கூடாது, வியர்த்துக் கெடும். காற்றோடும் மெல்லிய துணிப்பையில் போட்டு, நிழலில், ஓடைக்கரையின் குளிர்ச்சியில் தொங்கவிட வேண்டும். கடையில் விற்கும் செயற்கை இழைப்பைகள் இலேசானவை, துவைத்தால் திரும்ப உதவும். காசில்லாதவர்கள் பழைய தலையணை உறையைக் கொண்டுபோகிறார்கள். ஒரு குறையும் இல்லை. கட்டடக் குப்பைக்கான தடித்த பிளாஸ்டிக் பை ஒன்றும் கையில் இருக்கட்டும்: வெட்டும்போது கீழே விரிக்க, சுமக்கும்போது பையில் இரத்தம் படாமல் உள்ளுறையாக, மழைக்குப் போர்வையாக.

சட்டமும் இந்த எடைக்குள் வரும். பல மாநிலங்களில் ஆணா பெண்ணா என்று காட்டும் உறுப்பு கறித் துண்டோடு ஒட்டியே இருக்க வேண்டும். அதை மறந்து சுத்தமாக வெட்டினவர் அபராதம் கட்டுவார். 1967இல் கொலராடோவில் முதன்முதலில் கவனிக்கப்பட்ட மான் நலிவு நோய் காரணமாக, மூளையும் முதுகுத்தண்டும் மாநில எல்லையைத் தாண்டப் பல இடங்களில் தடை. அலாஸ்காவில் இன்னும் கறார்: உண்ணத்தக்க கறியின் கடைசிச் சுமையோடோ அதற்குப் பிறகோதான் கொம்பை வெளியே எடுக்கலாம், சில பகுதிகளில் எலும்போடுதான் கறி வர வேண்டும். கொம்பை மட்டும் வெட்டிக்கொண்டு போன காலம் ஒன்று இருந்ததால் வந்த சட்டம். எனக்கு மிகவும் பிடித்த சட்டமும் அதுதான். கறியைச் சுமக்க முடியாத தூரத்தில் சுடாதே என்று அது சொல்லாமல் சொல்கிறது.

எடை பார்க்கக் கூடாத சில சின்னச் சாமான்கள் உண்டு. மொன்டானா, வயோமிங் பக்கம் கிரிஸ்லி கரடி. அங்கே கரடி விரட்டும் மிளகாய்த் தெளிப்பான் இடுப்பில் இருக்க வேண்டும், பைக்குள் இருந்தால் பயனில்லை. கறியைக் குடல் கிடக்கும் இடத்திலிருந்து நூறு மீட்டராவது தள்ளி, திரும்பி வரும்போது தூரத்திலிருந்தே தெரியும் இடத்தில் தொங்கவிடுவார்கள். செயற்கைக்கோள் வழியே செய்தி அனுப்பும் கருவி நூறு கிராம். கொலராடோவில் ரைஃபிள் காலத்தில் 500 சதுர அங்குலம் பளிச்சென்ற ஆரஞ்சு நிறமோ இளஞ்சிவப்போ உடம்பின் மேல்பாதியில் தெரிய வேண்டும். தலையிலும் அதே நிறம். கொம்பைச் சுமந்து வருகிறவர் அதன்மேலும் ஒரு ஆரஞ்சு நாடா கட்டுவார். தூரத்திலிருந்து பார்க்கிறவருக்கு மரங்களுக்கு நடுவே அசைவது கொம்பு மட்டும்தானே.

பல் துலக்கும் பிரஷ்ஷின் கைப்பிடியை அறுத்து எறிகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். ஆறு கிராம் மிச்சம். அவர்களே இரண்டு லிட்டர் தண்ணீரை ஓடை ஓரமாகவே சுமந்துகொண்டு போவார்கள். முதலில் பெரியதைப் பாருங்கள்: தண்ணீர், மாற்றுத் துணி, இரண்டாவது பாத்திரம், பயத்தில் எடுத்துவைத்த கூடுதல் சாப்பாடு. வீட்டுக்கு வந்ததும் சாமான்களை மூன்று குவியலாகப் பிரியுங்கள்: தினம் எடுத்தது, ஒருமுறை எடுத்தது, தொடவே இல்லாதது. மூன்றாவது குவியலிலிருந்து முதலுதவிப் பொட்டலத்தையும் மழைச்சட்டையையும் மட்டும் திரும்ப எடுத்து வையுங்கள்.

புதிதாகத் தொடங்குகிறவர் கையில் கொஞ்சம்தான் பணம் இருக்கிறது என்றால், சட்டகம் உள்ள பையும் பூட்ஸும் முதலில், பைனாகுலர் அடுத்து. கூடாரத்துக்குப் பதில் சாதாரண டார்ப் போதும். டைட்டானியக் குவளை எல்லாவற்றுக்கும் கடைசி. கடையில் முதலில் கண்ணில் படுவது என்னவோ அதுதான். சட்டகம் உள்ள பை ஒன்றையும் சட்டகம் இல்லாத பை ஒன்றையும் மேடைக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். மணற்சாக்கு ஒன்றும் இருக்கிறது, இருபத்தைந்து கிலோ. விருப்பமுள்ளவர்கள் இரண்டு பையிலும் அதை வைத்து இந்த மண்டபத்தை ஒரு சுற்றுச் சுற்றி வாருங்கள். அதற்குப் பிறகு கேள்விகளை எடுத்துக்கொள்ளலாம்.